பாடிப் பதியும்போது ஹெட்போனில் என் குரல் தாமதமாகக் கேட்பது ஏன்?

இந்தத் தாமதத்துக்கு லேட்டன்சி என்று பெயர். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாது. ஒரு கொத்து சேரும்வரை காத்திருக்கும். அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த சிறு துளிகள்) என்றால், 1024 சேரவே சுமார் 23 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒருமுறை, வெளியே போக இன்னொருமுறை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், தட்டு நிறையத் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) சேரட்டும் என்று பரிமாறுபவர் நின்றால் முதல் குவளை ஆறிவிடும். ஒவ்வொன்றாகத் தூக்கி ஓடினாலோ, மனிதர் களைத்துப்போவார். கணினி களைத்தால் ஒலி படபடவென்று வெடிக்கும். நான் பதியும்போது பஃபரை 128 மாதிரிகளாக வைப்பேன். பதிந்தவற்றைக் கலந்து சீராக்கும் மிக்ஸிங்கில் 1024, அங்கே தாமதம் உறுத்தாது.

விலையுயர்ந்த மைக் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மைக் குரலைப் பிடிப்பதோடு சரி, காத்திருப்பது கணினிதான்.