படகில் ஏறும் முன்பே கட்டிக்கொள்ளுங்கள்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் 26 ஆண்டுகளாகப் படகு ஓட்டுகிறேன். படகுப் பயணத்தில் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பிச்சாவரம் போகிறோம். எல்லோரும் காவிரிக்கரையில் வளர்ந்தவர்கள், நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா? (கும்பகோணம்)

அவசியம். எனக்கும் சிறுவயதிலேயே நீச்சல் தெரியும். 18 வயதில் கோரையாற்றில் கோல் ஊன்றிப் படகு தள்ளிக்கொண்டிருந்தேன். கோல் சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட மனம் வராமல் இறுகப் பிடித்தேன். படகு முன்னே போய்விட்டது. விழும்போது படகின் விளிம்பு பின்மண்டையில் அடித்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில் இல்லை. அப்பா என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாராம். நினைவு தப்பியவனுக்கு நீச்சல் எப்படிக் கைகொடுக்கும்? ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி எல்லாப் பட்டிகளையும் இறுக்கிக் கட்டுங்கள். வெயிலுக்காக மடியில் வைத்துக்கொள்வதும், புகைப்படத்துக்காகக் கழற்றுவதும் வேண்டாம்.

குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டையே போடலாமா? (மன்னார்குடி)

போடக் கூடாது. மாட்டிய பிறகு தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயும் காதும் உள்ளே போனால் அது குழந்தைக்குப் பெரியது. தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். கால்களுக்கு இடையே போகும் பட்டி உள்ளதாகக் கேளுங்கள். சரியான அளவு அங்கே இல்லையென்றால் அன்றைக்குக் குழந்தையோடு ஒருவர் கரையில் இருந்துவிடுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருள்கள்தான், அவற்றை நம்பாதீர்கள்.

சொந்தமாகச் சிறிய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். லகூனுக்குள் (கடலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பு) போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (தில்லைவிளாகம்)

முதலில் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதை, படியுங்கள். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். நம் கடற்கரையில் இந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் இடுப்பளவு நீரே உள்ள லகூனில் அரை மீட்டர் வற்றினாலே படகு தரைதட்டிவிடும். ஏற்றத்தில் உள்ளே போய், வற்றம் முற்றும் முன் திரும்புங்கள். மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ளாதீர்கள். அங்கே சேறு தொடைவரை விழுங்கும். அடுத்த ஏற்றம்வரை படகிலேயே இருங்கள். இதற்காகத்தான் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், விசில், டார்ச், உறையிட்ட கைப்பேசி ஆகியவற்றோடு கிளம்பச் சொல்கிறேன். எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

15 ஆண்டுகளாகக் கொள்ளிடத்தில் பரிசல் ஓட்டுகிறேன். எனக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா? (அணைக்கரைப் பக்கம்)

இருக்கிறது, அண்ணே. அனுபவசாலிகளை ஏமாற்றும் இடம் தடுப்பணைதான். மேலிருந்து பார்த்தால் இரண்டடி வழிந்து விழும் அழகான நீர். கீழே அந்த நீர் சுருண்டு அணையை நோக்கியே திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கிய பரிசலும் ஆளும் ஒரே இடத்தில் சுழல வேண்டியதுதான். நன்றாக நீந்துகிறவனும் வெளியே வருவது அரிது. அணைக்கும் ஷட்டருக்கும் மேலேயும் கீழேயும் நெருங்கவே நெருங்காதீர்கள்.

இன்னொன்று, வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்காதீர்கள். குடகில் பெய்த மழை இங்கே வெயில் காயும் நாளில் வந்து சேரும். மேட்டூரில் ஜூனில் திறக்கும் முதல் நீர் கல்லணைக்கு வர மூன்று நாள் அளவில் ஆகும். ஆறு ஏற்கெனவே நிறைந்து ஓடினால் இன்னும் விரைவாக வரும். முக்கொம்பில் உபரிநீர் திரும்புவது கொள்ளிடத்துக்குத்தான். ஆடிப்பெருக்கன்று கூட்டம் கூடும், ஆளுக்கு ஆள் ஏறச் சொல்வார்கள். மேட்டூர் வெளியேற்றம் எத்தனை கன அடி என்று அன்று காலைச் செய்தியில் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

இடி இடித்தால்? (வேதாரண்யம்)

முதல் இடி கேட்டதும் கரைக்குத் திரும்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும் முன் நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த எண்ணாக இருந்தாலும் உல்லாசப் படகுக்கு அன்று விடுமுறை.

ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே குதிக்கலாமா? (திருவாரூர், கல்லூரி மாணவி)

குதிக்காதீர்கள், அம்மா. மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைப் பற்றி அழுத்துவார், ஒன்று இரண்டாகிவிடும். கயிறு, துடுப்பு, வேட்டி, புடவை, காலி நீர்க்குடம் என்று எது கிடைத்தாலும் நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். படகு கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரை பக்கத்தில்தான் என்று தோன்றினாலும் விட்டுப் போகாதீர்கள்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்குவதையும் நம் ஊர்களில் இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைத் தடுங்கள். அதனால் உணவு மூச்சுக்குழாயில் ஏறும். பொன்னான நிமிடங்களும் போய்விடும். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

பயணத்தில் கொஞ்சம் மது? (ஊர் குறிப்பிடவில்லை)

கூடாது. ஓட்டுகிறவருக்கும் கூடாது, உட்கார்ந்து வருகிறவருக்கும் கூடாது.

மோட்டாரோடு வந்த சிவப்புச் சுருள் கயிறு எதற்கு? (அதிராம்பட்டினம்)

அதன் ஒரு முனையை மோட்டாரிலும் மறுமுனையை உங்கள் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்ட வேண்டும். நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இயந்திரம் அணைந்துவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்து, விசிறி சுழல, உங்கள் மேலேயே திரும்பி வரும். நாளைக் காலை இயந்திரத்தை ஓடவிட்டுக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அணையவில்லையென்றால் பழுது பார்க்கும்வரை படகை எடுக்காதீர்கள்.