டெக்சாஸ் கோர்ட்டில் மாமா வாங்கிய விவாகரத்து இந்தியாவில் செல்லுமா?

கேள்வி: அக்காவுக்குப் பாலக்கோட்டில் இந்து முறைப்படி கல்யாணம் நடந்தது. மாமாவுக்கு டெக்சாஸில் வேலை. அங்கே ஒத்துவராமல் அக்கா ஊருக்கே வந்துவிட்டாள். சில மாதம் முன்பு கூரியரில் சம்மன் வந்தது, பதில் போடவில்லை. இப்போது "டைவர்ஸ் ஆயிடுச்சு" என்று மாமா வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பியிருக்கிறார். இது இங்கே செல்லுமா?

பதில்:

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி என்றால் செல்லாது. ஆனால் அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: நோட்டரி முன்னால் ஏதாவது பேப்பரில் கையெழுத்துப் போட்டாரா? டெக்சாஸில் "சம்மன் வேண்டாம், எனக்கு விவரம் தெரியும்" என்று எழுதிக் கொடுக்கிற ஒரு படிவம் உண்டு. "சும்மா ஃபார்மாலிட்டி" என்று சொல்லி வாங்கிவிடுவார்கள். அதில் கையெழுத்து இருந்தால் கதை வேறு மாதிரி போகலாம்.

நான் கிருஷ்ணகிரியில் வக்கீல் குமாஸ்தா. வக்கீல் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு கம்பெனி வழியாக வெளிநாடு போவது கூடியதிலிருந்து இந்த மாதிரி வழக்குக் கட்டுகள் எங்கள் ஆபீசுக்கும் வருகின்றன.

அடிப்படை சிவில் நடைமுறைச் சட்டம் 13ஆம் பிரிவு. வெளிநாட்டுக் கோர்ட் தீர்ப்பை நம் கோர்ட் ஏற்கும், ஆறு விதிவிலக்குகள் தவிர. அதிகாரம் இல்லாத கோர்ட், வழக்கின் தகுதியைப் பார்க்காத தீர்ப்பு, நம் சட்டம் பொருந்த வேண்டிய இடத்தில் அதை ஏற்க மறுத்தது, எதிர்த் தரப்புக்குப் பேச வாய்ப்பு தராதது, மோசடி, நம் சட்டத்தை மீறிய கோரிக்கை. உங்கள் அக்கா விஷயத்தில் இதில் ஒன்றுக்கு மேலேயே பொருந்தும்.

இதைத் தெளிவாக்கியது 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒய். நரசிம்ம ராவ் வழக்குத் தீர்ப்பு. 1975இல் திருப்பதியில் கல்யாணம். கணவர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலக் கோர்ட்டில் 1980இல் விவாகரத்து வாங்கினார், 1981இல் இன்னொரு கல்யாணம் செய்தார். முதல் மனைவி இருதார வழக்குப் போட்டார். கணவர் காட்டிய அமெரிக்க ஆர்டரை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் சொல்கிற கோர்ட், அந்தச் சட்டம் சொல்கிற காரணம், இரண்டும் இருந்தால்தான் விவாகரத்து செல்லும் என்றது. விலக்கு மூன்று. மனைவி அந்த நாட்டிலேயே நிரந்தரமாக வசித்து, காரணமும் நம் சட்டத்தில் இருப்பது. மனைவி தானாக முன்வந்து ஆஜராகி, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேலேயே வழக்காடியது. அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்தது.

காரணம் என்பதில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். டெக்சாஸில் பெரும்பாலும் வாங்குவது "இனிச் சேர்ந்து வாழ முடியாது" என்ற பொதுக் காரணத்தில். யார் மேலும் தப்பு சொல்ல வேண்டியதில்லை. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை, கைவிட்டுப் போவது, பிறருடன் உறவு என்றெல்லாம் உண்டு, "உறவு முறிந்துவிட்டது" என்று மட்டும் ஒரு காரணம் கிடையாது. 2023இல் ஷில்பா சைலேஷ் வழக்கில், அந்தக் காரணத்துக்காகப் பிரித்துவிடும் அதிகாரம் அரசமைப்புச் சட்டம் 142ஆம் பிரிவின்படி தனக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அது டெல்லியில் அவர்கள் செய்வது. தர்மபுரி கோர்ட்டும் செய்ய முடியாது, டெக்சாஸ் கோர்ட் செய்ததையும் அது காப்பாற்றாது.

கூரியர் சம்மன் பற்றி: வெளிநாட்டு சம்மன் நேராகத் தபாலில் வருவதை இந்தியா ஏற்பதில்லை. நாடு விட்டு நாடு சம்மன் அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்தப்படி டெல்லியில் சட்ட அமைச்சகம் வழியாக வர வேண்டும். கவரைக் கிழித்துப் போடாதீர்கள். அதன் மேல் உள்ள தேதியும் அனுப்பியவர் விலாசமும் உங்களுக்குச் சாட்சி.

வாட்ஸ்அப்பில் வந்ததைப் பிரின்ட் எடுங்கள். காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு இதே மாதிரி ஒன்றை எடுத்துவந்தார். ஸ்கேன் செய்தவர் ஓரத்தில் முத்திரை பாதியாக வெட்டுப்படும்படி விட்டிருந்தார். "இவ்ளோ பெரிய சீல் போட்டிருக்காங்களே, முடிஞ்சிடுச்சா சார்?" என்று அந்த அம்மா சீலையே காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் சீலைப் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்தில் யார் ஆஜர் என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போனார். "பிரதிவாதி முறைப்படி அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை" என்று இருந்தது. அதாவது எக்ஸ்பார்ட்டி, ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் கொடுத்த தீர்ப்பு. உங்கள் பிரின்டிலும் முதலில் அந்த வரியைத் தேடுங்கள். அங்கே "ஆஜராகி ஒப்புக்கொண்டார்" என்று இருந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள். நரசிம்ம ராவ் வழக்கிலேயே வெறும் போட்டோஸ்டாட் நகலைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் முறையாகச் சான்றிட்ட நகலை மாமா கொண்டுவந்தால், அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தது என்றே நம் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அக்காவின் வேலை. அதனால் "செல்லாதாமே" என்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

டெக்சாஸில் அந்த ஆர்டர் ஆர்டர்தான். அங்கே மாமா விவாகரத்தானவர், இங்கே அக்காவின் புருஷன். மாமா ஊருக்கு வந்து ஒரு மண்டபத்தில் மறுபடி தாலி கட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை சிறை. அக்காவும் இதை நம்பி மறுமணம் செய்யக் கூடாது. அதே பிரிவு அவர் மேலும் பாயும்.

அக்காவுக்குச் சேர்ந்து வாழ விருப்பமா, விட்டால் போதுமா என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடம் கேளுங்கள். அந்த ஆர்டர் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விளம்புகை (கோர்ட்டின் அறிவிப்பு) கேட்டுக் குடும்ப நலக் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஜீவனாம்சமும் கேட்கலாம். ஆர்டர் வாங்குவது சுலபம், அமெரிக்காவில் இருப்பவரிடம் வசூலிப்பது சிரமம். மாமா பேரில் இங்கே நிலமோ மனையோ இருந்தால் அதன் வில்லங்கச் சான்றைப் போட்டு வையுங்கள். அக்காவும் பிரியத்தான் நினைக்கிறார் என்றால், என் பார்வையில், இங்கேயே இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் மியூச்சுவல், அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்து, போடுவதுதான் நல்லது. நகை, பணம் எல்லாவற்றையும் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். மாமா வீடியோ கான்பரன்சில் ஆஜராக அனுமதி கேட்கலாம். ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்கில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சொந்தக்காரர்கள் "பத்து பேர் உட்கார்ந்து அத்து விட்டுடலாம்" என்பார்கள். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. உங்கள் சமூகத்தில் நெடுநாளாக அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால்தான் அதற்கு மதிப்பு. ஒரு செல்லாத பேப்பரோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

கல்யாணம் பாலக்கோட்டில் நடந்ததால் வழக்கைத் தர்மபுரி மாவட்டத்திலேயே போடலாம், டெக்சாஸ் போக வேண்டியதில்லை. திருமணப் பதிவுச் சான்று (இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது, போட்டோ), கூரியர் கவர், வாட்ஸ்அப் பிரின்ட், அக்காவின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், அக்கா எந்தத் தேதியில் இந்தியா வந்தார் என்பது அதில்தான் இருக்கிறது, வக்கீல் முதலில் கேட்பதும் அதைத்தான்.