வாரத்தில் மூன்று இரவு: பிரிட்டனில் காட்ட வேண்டிய ஆதாரம்

கேள்வி: என் மகன் லெஸ்டரில் வேலை பார்க்கிறான். மருமகள் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவள், பேத்தியும் அப்படியே. ஒரு வருஷமாக மகனும் மருமகளும் பிரிந்திருக்கிறார்கள். வியாழன் சாயங்காலம் பள்ளியிலிருந்து மகன் குழந்தையைக் கூட்டி வருவான், ஞாயிறு சாயங்காலம் தாயிடம் கொண்டுபோய் விடுவான். மனைவியை வைத்து வாங்கிய விசா நாலு மாதத்தில் முடிகிறது. இருவரும் சேர்ந்து வளர்ப்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். இங்கிருந்து நாங்கள் என்ன அனுப்பட்டும்?
— ஒரு பாட்டி, கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்)

பதில்: அம்மா, முதலில் அந்த நாலு மாதக் கணக்கை நம்பியிருக்க வேண்டாம். மண வாழ்க்கை முறிந்தது ஹோம் ஆபீசுக்கு (விசாவைக் கவனிக்கும் பிரிட்டன் உள்துறைக்கு) தெரிந்தால் மீதி விசாவைக் குறைத்துவிடலாம், பெரும்பாலும் 60 நாளாக்குவார்கள். விசா கையில் இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அப்படிப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு அங்கேயே இருக்கச் சட்டம் இடம் தருகிறது.

இனி ஆதாரம். பெற்றோர் என்ற முறையில் அங்கேயே தங்குவதற்கான விதியில் இரண்டு வழி உண்டு. ஒன்று, குழந்தையின் முழுப் பொறுப்பும் விண்ணப்பிப்பவரிடமே இருக்க வேண்டும், அல்லது குழந்தை வழக்கமாக அவரோடுதான் வசிக்க வேண்டும். மற்றொன்று, குழந்தை வழக்கமாகத் தாயோடு வசிக்க, தகப்பன் நேரில் பார்த்துப் பழகி, வளர்ப்பில் தொடர்ந்து பங்கெடுக்க வேண்டும். பேத்தி உங்கள் மகனிடம் மூன்று இரவு, தாயிடம் நாலு இரவு. அதனால் உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது. பலர் சறுக்குவது இங்கேதான். பலமாக இருக்கட்டும் என்று "முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று எழுதிவிடுவார்கள். தாயின் கடிதமும் பள்ளிப் பதிவும் வேறு சொல்லும். அதற்குப் பிறகு மற்றக் காகிதங்களையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் புரட்டுவார். பங்கிட்டு வளர்ப்பதைப் பங்கிட்டு வளர்ப்பதாகவே எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் கனமானது தாயின் கடிதம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, இரு வீட்டு முகவரி, எந்த நாளில் யாரிடம், எந்த மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு, இது தொடர அவருக்குச் சம்மதம் என்பது, இத்தனையும் அதில் வேண்டும். கையெழுத்து, தேதி, பாஸ்போர்ட் பக்க நகலும் சேரட்டும். சொலிசிட்டர் (அங்குள்ள வழக்கறிஞர்) முன் சத்தியம் செய்து கொடுத்தால் இன்னும் நல்லது. "நல்ல அப்பா" என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பதால் பயனில்லை. அவர் மறுத்தால் மத்தியஸ்தம் பேசிப் பார்க்கலாம். அதுவும் கூடாதபோது அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் குழந்தை யாரிடம், எப்போது என்ற உத்தரவு கேட்கலாம். தயவுசெய்து ஹட்டியில் பெரியவர்களைக் கூட்டி மருமகளிடம் ஃபோனில் பேச வைக்காதீர்கள். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை. வாட்ஸ்அப்பில் போகும் மிரட்டல் போன்ற ஒரு வரி, நாளை உங்கள் மகனுக்கு எதிராகவே நீதிமன்றத்துக்கு வரும்.

அடுத்து, வளர்ப்பில் பங்கு. இரண்டு வாரத்துக்கு 14 கட்டம் போட்டு, ஒவ்வொரு இரவும் குழந்தை எந்த வீட்டில் உறங்கியது என்று நிரப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு தாளுக்கு மற்றவை சாட்சியாக நிற்க வேண்டும். பள்ளியின் லெட்டர்ஹெட்டில், வியாழக்கிழமை யார் அழைத்துப் போகிறார், அவசரத்துக்கு யாருடைய எண் இருக்கிறது, பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருகிறார் என்று எழுதி வாங்கலாம். குடும்ப மருத்துவரின் கடிதம், நீச்சல் வகுப்பு ரசீது, பேங்க் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் தாய்க்குப் போகும் தொகை, இவையும் உதவும். பணம் அனுப்புவது மட்டும் வளர்ப்பு ஆகாது. வீடியோ காலும் நேரில் பார்ப்பதாகாது. ஃபோட்டோ தேதியோடு ஏழெட்டு போதும், இருநூறு வேண்டாம். எல்லாக் கடிதமும் ஒரே வாரத்தில் வாங்கியதாக இருந்து பழைய பதிவு ஒன்றும் இல்லையென்றால் சந்தேகம் வரும். வருஷம் முழுக்கப் பரவிய தேதிகளில்தான் நம்பிக்கை பிறக்கும்.

நீங்கள் அனுப்பக்கூடியது கொஞ்சம்தான். லெஸ்டர் போய்த் தங்கியிருந்தால், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி, பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தோடு கொடுங்கள். போகவில்லை என்றால் ஊர்ப் பெரியவர் கடிதத்தால் பயன் இல்லை, அவரும் பார்க்கவில்லையே.

ஆனால் பெயர் விஷயத்தில் நீங்கள் பெரிய உதவி செய்யலாம். நம் பக்கம் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. மகனின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், பள்ளிச் சான்றிதழில் வெறும் எழுத்தாக நிற்கும், பேத்திக்கு வேறு பெயர் இருக்கும். பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்குங்கள். தமிழ்க் காகிதம் எதுவானாலும் மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் "மூலத்துக்குச் சரியானது" என்ற உறுதியும் தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். டைப் அடிக்கிற கடையில் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக் கொடுப்பது அங்கே செல்லாது. ஃபோனில் நிழல் விழ எடுத்த படம் வேண்டாம், இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள்.

பிரிட்டனில் இந்த வேலைக்கு சொலிசிட்டரையோ, இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் (குடியேற்ற ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பில்) பதிவு செய்தவரையோ மட்டும் மகன் நாடட்டும்.

கேள்வி: என் மகன் எட்டு வயது, லண்டனில் தாயோடு இருக்கிறான். வாராவாரம் பார்க்கலாம் என்று ஊட்டி நீதிமன்ற உத்தரவு என்னிடம் இருக்கிறது. அதை வைத்து விசா கேட்கலாமா?
— குன்னூர் வாசகர்

பதில்: அது மட்டும் போதாது. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து பெற்றோராக விண்ணப்பிக்கும்போது, குழந்தையை நேரில் பார்க்கும் உரிமையைத் தாய் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பிரிட்டன் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்க வேண்டும். ஊட்டி உத்தரவின் சான்றிட்ட நகலைத் துணை ஆதாரமாக வையுங்கள், தாயிடம் மேலே சொன்ன மாதிரிக் கடிதம் கேளுங்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பையனின் நிலை. அவன் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவனாகவோ இல்லையென்றால், பெரும்பாலும் வெளியிலிருந்து இந்த வழியில் விண்ணப்பிக்க முடியாது. ஏ1 எனும் ஆரம்ப நிலை ஆங்கிலத் தேர்வும், அரசு உதவி இல்லாமல் வாழ வருமானமும் காட்ட வேண்டியிருக்கும்.