காலைப் பால் ஏன் நேற்றைய கணக்கில் ஏறுகிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் பால் சங்கத்துக்குப் பைத்தானில் கணக்கு நிரல் எழுதினேன். லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது. டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி போன்ற சூழல்) போட்டதும் காலைப் பாலில் கொஞ்சம் மட்டும் முந்தைய நாள் தேதியில் ஏறுகிறது. சாயங்காலப் பாலின் தேதி சரி. நிரலில் பிழை தெரியவில்லை.

பதில்: நிரலை மூடி வைத்துவிட்டு, தவறிய பதிவுகளின் நேரத்தைப் பாருங்கள். இரவு 11 மணிக்கு மேல் பால் ஊற்றியதாக இருக்கும். அந்த நேரத்தில் எந்தச் சங்கம் திறந்திருக்கிறது? நம் நேரம் யூடிசியை (உலகப் பொது நேரம்) விட ஐந்தரை மணி முன்னால். நேர மண்டலம் எதுவும் சொல்லாவிட்டால் கன்டெய்னர் பெரும்பாலும் யூடிசியில்தான் ஓடும். இங்கே விடிகாலை 5.10 என்றால் அதற்கு நேற்றிரவு 11.40. 5.30 தாண்டி வந்தவர்கள் தப்பித்திருப்பார்கள். சாயங்காலப் பாலும் நேரத்தில் ஐந்தரை மணி பின்தங்கித்தான் இருக்கும். நாள் மாறாததால் கண்ணில் படவில்லை.

உறுதி செய்ய, கன்டெய்னருக்குள்ளும் லேப்டாப்பிலும் 'டேட்' கட்டளையைக் கொடுத்து ஒப்பிடுங்கள்.

நேர மண்டலத்தைச் சொல்லும் 'டிஇசட்' சூழல் மாறியில் ஏசியா/கொல்கத்தா என்று போட்டால் போதும் என்பார்கள். உபுண்டு, ஆல்பைன் ஆகிய லினக்ஸ் வகைகளின் அடிப்படை இமேஜ்களில் (கன்டெய்னருக்கு அச்சாக இருப்பவை) நேர மண்டலத் தகவல் இருக்காது. 'டிஇசட்டேட்டா' பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் பிழைச் செய்தியே வராது, யூடிசியிலேயே ஓடும். உபுண்டுவில் நேரத்துக்குப் பக்கத்தில் 'ஏசியா' என்றுகூடக் காட்டும். பெயரை நம்பாதீர்கள், மணியைப் பாருங்கள்.

நான் செய்வது வேறு: நிரலிலேயே 'ஸோன்இன்ஃபோ' என்ற நேர மண்டல நூலகம் கொண்டு இந்திய நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். பைத்தான் 3.9 முதல் அது உள்ளேயே இருக்கிறது. மண்டலத் தகவல் கிடைக்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். மாடு வளர்ப்பவரின் பணம் இது. சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதைவிட நிற்பது எவ்வளவோ மேல்.

பழைய பதிவுகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கன்டெய்னருக்கு மாறிய நாளுக்குப் பிறகான பதிவுகளுக்கு மட்டும் ஐந்தரை மணி கூட்டுங்கள். லேப்டாப் காலத்துப் பதிவுகள் ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருக்கின்றன. அவற்றிலும் கூட்டினால் சாயங்காலம் 6.30க்கு மேல் ஊற்றிய பால் மறுநாளுக்குப் போய்விடும். 1ஆம் தேதி விடிகாலைப் பாலைத் தனியாகச் சரிபாருங்கள், அது போன மாதக் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.