கேள்வி – பதில்: கார்வெட்டின் இன்ஜின் இடம் மாறுகிறதா?

(மே 2019 இதழ்)

கார்வெட்டின் இன்ஜினை முன்னாலிருந்து எடுத்து இருக்கைக்குப் பின்னால் வைக்கப்போகிறார்களாமே, நம்பலாமா?
– சேலம் வாசகர்

இந்த முறை நம்பலாம். கடந்த மாதம், இந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரைச் செவர்லே என்ற தன் பிரிவின் பெயரில் விற்கும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவி மேரி பாராவே நியூயார்க் தெருக்களில் அந்தக் காரில் உட்கார்ந்து வலம் வந்தார். உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டி உருவத்தை மறைத்திருந்தார்கள். மறைத்து என்ன பயன்? படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீளமாக இருந்த பானெட் குட்டையாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் காற்றை இழுக்க ஒரு பெரிய வாய். ஓட்டுபவர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். முன்னால் இன்ஜின் உள்ள காருக்கு இந்த உடல்வாகு வராது.

அதன் கதவில் 07.18.19 என்று எழுதியிருக்கிறதே, என்ன சங்கேதம்?
– மதுரை வாசகி

சங்கேதமெல்லாம் இல்லை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஜூலை 18 அன்று திரை விலகுகிறது.

'நடு இன்ஜின் கார்வெட் இதோ வருகிறது' என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே படித்திருக்கிறேன் என்கிறார் என் பெரியப்பா. ஏன் இத்தனை தாமதம்?
– திருச்சி வாசகர்

பெரியப்பா சொல்வது நிஜம். (இருக்கைக்கும் பின் அச்சுக்கும் நடுவே இன்ஜின் இருந்தால் அது நடு இன்ஜின்.) இந்த ஆசைக்குச் சொந்தக்காரர் ஜோரா அர்கஸ்-டன்டாவ் என்ற பொறியாளர். 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தவர். 1960-லேயே ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த ஒற்றை இருக்கைச் சோதனைக் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அந்த தசாப்தத்தின் முடிவில் எக்ஸ்பி-882 என்ற நடு இன்ஜின் சோதனைக் கார் வந்தது. செலவு கட்டுப்படியாகாது என்று செவர்லே பிரிவின் தலைவர் ஜான் டிலோரியன் அதை மூட்டைகட்டி வைத்தார். பிறகு ஃபோர்டு டீலர்கள் பன்டேரா என்ற இத்தாலிய நடு இன்ஜின் காரை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதே எக்ஸ்பி-882 தூசு தட்டப்பட்டு 1970 நியூயார்க் கண்காட்சியில் மேடையேறியது. போட்டிக்காரன் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் இவர்களுக்குப் பசியே எடுக்கும்!

அடுத்து, பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டர் வைத்த ரோட்டரி இன்ஜின் மோகம் வந்தது. 1973-இல் நான்கு ரோட்டர் கார்வெட்டைச் செய்தார்கள். பெட்ரோலை அதிகம் குடிக்கும் ரோட்டரி எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டது. அதே உடலில் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைப் பொருத்தி ஏரோவெட் என்று பெயர் மாற்றினார்கள். அதுவும் கடைக்கு வரவில்லை. முன் இன்ஜின் கார்வெட்டே அமோகமாக விற்றுக்கொண்டிருக்கும்போது எந்தக் கணக்குப்பிள்ளை புதுச் செலவுக்குக் கையெழுத்துப் போடுவார்? டன்டாவ் 1975-இல் ஓய்வு பெற்றார், 1996-இல் காலமானார். அவரது அஸ்தி கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய கார் தயாராகப்போகும் தொழிற்சாலையும் அதற்குப் பக்கத்திலேயேதான்.

இன்ஜின் எங்கே இருந்தால் என்ன, கார் ஓடினால் போதாதா?
– ஈரோடு வாசகர்

காய்கறி வாங்கப் போவதற்குப் போதும். ஆனால் இப்போதைய கார்வெட்டின் அதிவேக வகையான இசட்ஆர்1-இன் திறன் 755 குதிரைத்திறன். இவ்வளவையும் பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் இறக்கியாக வேண்டும். அவற்றின் மேல் போதிய பாரம் இல்லாவிட்டால் டயர் புகைவதுதான் மிச்சம். இன்ஜின் பின்னால் போனால் அந்தப் பாரம் கிடைக்கும். வளைவில் இன்னொரு லாபம் உண்டு. இரு முனையிலும் குடம் தொங்கும் காவடியோடு சட்டென்று திரும்ப முடியாது; அதே குடங்களை உடம்போடு அணைத்துக்கொண்டால் திரும்பலாம். பந்தயக்காரர்களுக்கு இது பழைய பாடம். இன்ஜினைப் பின் அச்சுக்கும் பின்னால் வைப்பதையே குலவழக்கமாகக் கொண்ட ஜெர்மன் நிறுவனம் போர்ஷேகூட, தன் 911 காரின் 2017 பந்தய வடிவத்தில் அதை அச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டது.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு இதுதான் முதல் நடு இன்ஜின் காரா?
– நாகர்கோவில் வாசகர்

இல்லை. 1984 முதல் 1988 வரை அதன் போன்டியாக் பிரிவின் ஃபியரோ கார் விற்றது. தொடக்கத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜின், இரண்டு இருக்கை. ஆரம்பகால கார்கள் சில தீப்பற்றி எரிந்து பெயரைக் கெடுத்துக்கொண்டன. கடைசி ஆண்டில் சஸ்பென்ஷனைச் சீராக்கிவிட்டு, உடனே காரையே நிறுத்தினார்கள். அந்த நிறுவனத்தின் குணம் தெரிய வேண்டுமானால் இது ஒன்று போதும்.

கிளட்ச் மிதி இருக்குமா? விலை என்ன இருக்கும்? ஜோரா என்றுதான் பெயர் வைப்பார்களா?
– புதுச்சேரி வாசகர்

மூன்று கேள்வி, ஒரே அஞ்சலட்டை! கிளட்ச் மிதி இருக்காது என்பது என் ஊகம். இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் மனிதக் காலைவிட வேகமானது. எனக்கு அதில் வருத்தம்தான். இடக்காலுக்கு வேலையில்லாத ஸ்போர்ட்ஸ் காரை நான் முழு மனதோடு ஏற்கமாட்டேன். ஜோரா என்ற பெயரை நிறுவனம் 2014-லேயே பதிவுக்குக் கொடுத்துவிட்டது. அதை ஆரம்ப மாடலில் வீணாக்காமல், உச்சபட்ச மாடலுக்குப் பத்திரப்படுத்துவார்கள் என்று நினைக்கிறேன்.

விலைதான் உண்மையான மர்மம். இன்றைய கார்வெட் ஏறத்தாழ 56,000 டாலரில் தொடங்குகிறது. ஃபோர்டு ஜிடி என்ற நடு இன்ஜின் கார் நாலரை லட்சம் டாலர். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கப்போகிறார்கள்? ஒரு லட்சம் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எழுபதாயிரத்தைத் தாண்டாது என்பது என் கட்சி. பள்ளி ஆசிரியரும் தச்சரும் ஓய்வுக்காலத்தில் சேமிப்பை எடுத்து வாங்கும் கார் இது. அவர்கள் எட்டிப்பிடிக்க முடியாத விலை வைத்தால், டன்டாவின் கனவு பலித்தும் கார்வெட் தோற்றுவிடும்.

நம் ஊருக்கு வருமா?
– கோவை வாசகர்

செவர்லே 2017 இறுதியோடு இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டது. வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த கார்வெட் தொழிற்சாலையிலிருந்து இதுவரை வந்ததே இல்லை. இம்முறை வரும் என்று ஆஸ்திரேலியர்கள் காத்திருக்கிறார்கள். அப்படியே வந்தாலும் நாற்பதாயிரம் டாலருக்கு மேற்பட்ட இறக்குமதிக் காருக்குச் சுங்க வரி 100 சதவீதம். அதற்கு மேல் ஜிஎஸ்டி, செஸ், சாலை வரி. கோவையில் ஒரு வீட்டுமனை விலை என்ன, விசாரித்து எழுதுங்களேன்.