முதல் 200 கிலோமீட்டருக்குப் புது சைக்கிள் வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 41. ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆடாக்ஸ் எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, 200 கி.மீ. ரைடுக்குக் கூப்பிடுகிறார். என்னிடம் நாலு வருடத்துக்கு முன் வாங்கிய ஹைப்ரிட் சைக்கிள் இருக்கிறது. ஞாயிறுகளில் அதில் நந்தி மலை போய் வருகிறேன். கடையில் விசாரித்தால், "இதை வைத்து முடிக்க முடியாது சார்" என்று 90 ஆயிரத்துக்கு, வளைந்த கைப்பிடி வைத்த ஒரு ரோடு பைக் சைக்கிளைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போது வேண்டாம். அல்சூரிலிருந்து நந்தி மலை போய்த் திரும்பினாலே நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். அதைத் தாங்குகிற சைக்கிளும் காலும் 200-ஐயும் தாங்கும்.

கணக்கைப் பாருங்கள். 200 கி.மீ.க்குக் கொடுக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம். மணிக்கு 20 கி.மீ. வீதம் மிதித்தால் பத்து மணி நேரம் போதும். மீதி மூன்றரை மணி நேரம் இட்லிக்கும் டீக்கும் பஞ்சருக்கும். இது ரேஸ் இல்லை. முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் முடித்தவர்கள்தான். 1904-ல் பாரிஸில் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி, இங்கே ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் இந்த ரைடுகளை நடத்துகிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வழியில் இருக்கும் ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும், அதாவது நீங்கள் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்யும் இடத்துக்கும், மூடும் நேரம் உண்டு. நூறாவது கிலோமீட்டரில் கண்ட்ரோல் இருந்தால் 6 மணி 40 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். புதியவர்கள் பலர் நேரத்தைக் கோட்டை விடுவது மிதிப்பதில் இல்லை, ஓட்டலில் உட்கார்ந்துவிடுவதில்.

இன்னொன்று, பின்னால் யாரும் வேன் கொண்டு வர மாட்டார்கள். கண்ட்ரோல்களுக்கு நடுவில் எது பழுதானாலும் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் உங்கள் பணம் அங்கே போகட்டும்: டயர், பஞ்சர் சாமான், விளக்கு.

கிருஷ்ணகிரி ரோட்டில் எனக்கு முதல் முறை பஞ்சரானபோது அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினேன். இரண்டே கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கிவிட்டது. டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தபோதுதான் சுருக்கென்று ஏதோ பட்டது. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் கம்பி, மீசை முடி அளவு மெலிசு. ரப்பருக்குள் புதைந்து நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நகத்துக்குச் சிக்கவில்லை. பின்னால் வந்த ஒரு ரைடர் பையிலிருந்து புருவம் எடுக்கும் ட்வீசரை நீட்டினார், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஃபேன்ஸி ஸ்டோரில் சில பத்து ரூபாய்தான். அதோடு இரண்டு டியூப், ஒட்டும் பேட்ச், டயர் லீவர், கைப்பம்பு. வாங்கினால் மட்டும் போதாது. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டிலேயே இரண்டு முறை பழகுங்கள். செயின் பக்கம் என்பதால் அதுதான் படுத்தும்.

டயர் தேய்ந்திருந்தால், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிரேமில் இடம் இருந்தால் 32 மி.மீ. அகலம் நம் சாலைக்கு நன்றாக இருக்கும்.

காலை 6 மணிக்குக் கிளம்பினால் கடைசி நேரம் இரவு 7.30. அதாவது கடைசி ஒரு மணி நேரம் இருட்டில் ஓட்ட நேரலாம். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேல்சட்டை, ஹெல்மெட் எதையும் விட வேண்டாம். சீட்டுக்கு ஜெல் உறை போடாதீர்கள். இருபது கிலோமீட்டருக்குச் சுகமாக இருக்கும், நூறில் தோலை உரசும். சீட் உயரத்தைச் சரி செய்தாலே பாதி வலி போய்விடும்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும்.

200 முடிந்து, 20 மணி நேரத்தில் 300-ம் முடித்த பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும், வேறு மாதிரி கைப்பிடி வேண்டுமா, வேறு கியர் வேண்டுமா என்று. ஒரே சீசனில் 200, 300, 400, 600 முடித்தால் சூப்பர் ராண்டனியர் என்ற பட்டம்! அந்த ஆசை வந்தால் அப்போது நல்ல சைக்கிள் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். பில்லில் பிரேம் எண் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வரியைப் போட்டுத் தருகிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: பொம்மனஹள்ளியில் இருக்கிறேன். முதல் ரைடுக்காக சைக்கிள் விளக்கு வாங்கினேன். பெட்டியில் 6 மணி நேரம் எரியும் என்று இருக்கிறது; ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார்.

பதில்: முதலில் பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள், அம்மா. 6 மணி நேரம் என்பது பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்துக்கான கணக்கு. குறைந்த வெளிச்சத்திலும் நிற்கவில்லை என்றால் அது பழுதான பொருள். முழுக்க சார்ஜ் செய்து, பக்கத்தில் கடிகாரம் வைத்து, அணையும் வரை வீடியோ எடுங்கள். பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை; பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. கடைக்காரரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த விளக்கு வாங்கும்போது வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணில் மயங்க வேண்டாம். நடு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

கேள்வி: பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போட வேண்டுமா? கடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: போடக் கூடாது. அதன் தையல்தான் தோலைக் கிழிக்கும். புது ஷார்ட்ஸை ரைடு அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். அதற்கு முன் ஐம்பது கிலோமீட்டராவது அதில் ஓட்டிப் பாருங்கள்.