வளர்ந்த பிள்ளைகளின் நத்தார் காலுறைக்குள் எதை வைப்பது?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். பிள்ளைகள் மூவரும் சிறுவர்களாக இருந்த காலத்திலிருந்து, நத்தார் இரவில் ஆளுக்கொரு காலுறையைச் சிறு பரிசுகளால் நிரப்பித் தொங்கவிட்டு வருகிறேன். மூத்த மகள் மருத்துவமனைத் தாதி. சென்ற ஆண்டு திருமணமானவள். மகனுக்கு 28 வயது. சைக்கிளில் வேலைக்குப் போகிறான். கடைசி மகளுக்கு 23 வயது, ஷெஃபீல்டில் படிக்கிறாள். சென்ற முறை நான் வைத்த சாமான்களில் பலவற்றை இங்கேயே விட்டுச் சென்றுவிட்டார்கள். "ஆளுக்கு ஐம்பது பவுண் கொடுத்துவிடு" என்கிறார் கணவர். இந்த வழக்கத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். விட்டுச் சென்ற சாமான்களைக் கண்டு, பிள்ளைகளுக்கு இந்த வழக்கமே அலுத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். டிசம்பரில் கடைகள் அடுக்கிவைக்கும் பிளாஸ்டிக் வேடிக்கைப் பொருள்களை ஓர் இரவு பார்த்துச் சிரிக்கலாம். வாடகை அறையில் இடம் ஒதுக்கி வைத்திருக்க யாருக்கும் மனம் வராது.

தினமும் கைபடுகிற, ஆனால் தமக்கென்று நல்லதாக வாங்கிக்கொள்ளத் தயங்குகிற சிறு பொருள்களையே தேடுங்கள். அதற்குப் பிள்ளைகளின் வேலைநாள் எப்படிக் கழிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மூத்த மகளையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானிய மருத்துவமனைகளில் நோயாளரைப் பராமரிப்பவர்கள் முழங்கைக்குக் கீழே சாதாரண மோதிரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அணியக்கூடாது என்பதால், அழகான கைக்கடிகாரமோ வளையலோ வேலை நேரத்தில் அவளுக்கு உதவாது. சீருடையில் குத்திக்கொள்ளும் சிறு கடிகாரம் உதவும். நாள் முழுவதும் கழுவியும் கிருமிநீக்கி தடவியும் வறண்டுபோகும் கைகளுக்கு வாசனை சேர்க்காத கிறீம், பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் கால்களுக்கு இறுக்கமான நல்ல காலுறை, இரவல் போய்த் திரும்பாத கறுப்புப் பேனாக்களுக்குப் பதிலாக ஒரு கட்டுப் பேனா: இவற்றில் எதுவும் பெரிய விலையில்லை, ஆனால், அவளுடைய வேலையை அம்மா கவனித்திருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்கும்.

டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், மகனுக்குச் சைக்கிளின் முன்னும் பின்னும் பூட்டும் நல்ல விளக்குகள் போதும். சின்னவளுக்கு 16–25 ரயில்கார்ட் வாங்கிக் கொடுத்தால், பெரும்பாலான பயணச்சீட்டுகளில் மூன்றிலொரு பங்கு குறையும். அவள் வீட்டுக்கு வருவதும் சற்று எளிதாகும். முதலில் அவளிடம் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்துவிடுங்கள்.

நம் பெற்றோர் பலரிடம் உள்ள ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பரிசோடு புத்திமதியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். உடல் மெலிவதற்கான தேநீர், நிறம் வெளுக்கும் கிறீம், வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது எப்படி என்னும் புத்தகம் ஆகியவை எவ்வளவு அன்போடு வைக்கப்பட்டாலும், திறப்பவரைப் புண்படுத்தும். இந்த வழக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் மரபுக்கதையில், நான்காம் நூற்றாண்டில் மைரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கலஸ், சீதனம் கொடுக்க வழியற்ற ஒருவருடைய மூன்று பெண்களுக்காக இரவில் பொற்காசுகளை யாருமறியாமல் வீட்டுக்குள் போட்டுச் செல்கிறார். பெண்கள் எப்படி வாழவேண்டும் என்று அவர் ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பொன்னின் நினைவாகவே தங்கத் தாள் சுற்றிய சொக்லேட் காசுகளையும் காலுறையின் நுனியில் ஒரு சிறு தோடம்பழத்தையும் வைப்பதாகச் சொல்வார்கள். இவ்விரண்டையும் ஆண்டுதோறும் மாற்றாமல் வையுங்கள். எத்தனை வயதானாலும் பிள்ளைகள் முதலில் கைவிட்டுத் தேடுவது அவற்றைத்தான்.

கடையில் கிடைக்காத ஒன்று ஒவ்வொரு காலுறையிலும் இருக்கட்டும். நீங்கள் வறுத்து அரைத்த மிளகாய்த்தூளைக் காற்றுப் புகாத சிறு பைகளில் அடைத்து, அவர்கள் அடிக்கடி தொலைபேசியில் கேட்கும் ஒரு கறியின் செய்முறையையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதி வையுங்கள். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதுவதில் குறையொன்றுமில்லை. ஆனால், "கொஞ்சம்", "அளவாக" என்று விட்டுவிடாமல், ஒருமுறை சமைக்கும்போதே கரண்டிக் கணக்கில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. படிக்கிற பிள்ளைக்குப் பணம் தேவைப்படும். அதைத் தனியாக ஓர் உறையில் அவர் கையால் கொடுக்கட்டும். மூவருக்கும் செலவு சரிசமமாக இருக்கவேண்டும் என்று ரசீதுகளைக் கூட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு காலுறை புடைத்தும் மற்றொன்று வற்றியும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருமகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இந்த நத்தாருக்கு அவருக்கும் ஒரு காலுறை வேண்டும். அது மற்றவற்றின் அளவிலேயே, அவற்றின் பக்கத்திலேயே தொங்க வேண்டும். அவருடைய விருப்பங்கள் உங்களுக்கு இன்னும் பிடிபட்டிராது என்பதால், காலையில் அவர் தேநீர் குடிப்பாரா கோப்பி குடிப்பாரா, குளிருக்கு எதைத் தேடுவார் என்று மகளிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.